1509-இல் அரியணை ஏறிய இருவர்

1558-59 வாக்கில் சாந்தோமில் வாழ்ந்த போர்த்துகீசியர்கள் தங்கள் உடைமைகளுக்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டிய நிலை வந்தது. விஜயநகரத்தின் ராமராயர் பெரும்படையோடு மயிலாப்பூர்க் கடற்கரைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டது 1 லட்சம் வராகன். பாதியை உடனே வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரைப் பிணையாக அழைத்துப் போனார். கடலில் எவருக்கும் அடங்காத போர்த்துகீசியர்கள் கரையில் அந்தப் பணத்தைக் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது.

விஜயநகரத்தின் தலைநகரான ஹம்பியிலிருந்து சாந்தோமுக்குச் சாலை வழியே 500 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்குப் படை வர வேண்டுமானால் வழியிலுள்ள தலைவர்கள் அத்தனை பேரும் அரசனுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அன்று அரசர் என்று பெயருக்கு இருந்தவர் சதாசிவராயர். அதிகாரமெல்லாம் ராமராயர் கையில். ஆனால் அந்த அதிகாரத்தைத் திரட்டி வைத்தவர், அவருடைய மாமனார் கிருஷ்ணதேவராயர்.

கிருஷ்ணதேவராயர் ஆட்சிக்கு வந்தது 1509-இல். அதே ஆண்டு லண்டனில் எட்டாம் ஹென்றி முடிசூடினார். ஐரோப்பாவில் அது மறுமலர்ச்சிக் காலம். ஓவியமும் சிற்பமும் செழித்த அதே காலத்தில்தான் அங்கே மன்னர்கள் பிரபுக்களை அடக்கி மேலெழுந்தார்கள். ஹென்றியின் தந்தை ஏழாம் ஹென்றி, பிரபுக்கள் தங்கள் சின்னம் அணிந்த ஆட்களைச் சொந்தப் படைபோல வைத்துக்கொள்வதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார். ஒழுங்காக நடப்போம் என்று பெருந்தொகைக்குப் பத்திரமும் எழுதி வாங்கினார். பிரான்சின் முதலாம் பிரான்சுவா 1516-இல் போப்பாண்டவருடன் உடன்பாடு செய்து, ஆயர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார். நிலமும் ஆள்பலமும் உள்ள பெருந்தலைகளை அரசன் எப்படிக் கைக்குள் வைத்திருப்பது என்பதே எங்கும் இருந்த சிக்கல்.

விஜயநகரத்தில் அந்தப் பெருந்தலைகள் நாயக்கர்கள். 1530-களில் அங்கே தங்கியிருந்த போர்த்துகீசியர் பெர்னாவ் நூனிஸ், 200-க்கும் மேற்பட்ட தலைவர்களிடையே நாடு பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்ததாக எழுதுகிறார். நிலம் அரசனுடையது. நாயக்கர் அதை அனுபவிக்கலாம். ஆனால் வருவாயில் பாதியை அரசனுக்குக் கட்ட வேண்டும், மீதியில் இத்தனை காலாள், இத்தனை குதிரை, இத்தனை யானை என்று படை வைத்திருக்க வேண்டும். தலைநகரில் அவருடைய ஆள் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். பணம் கட்டும் நாள் மகாநவமியை ஒட்டி வரும். ஒன்பது நாள் விழாவுக்கு நாயக்கர்கள் திரண்டு வந்து அரசன் முன் வணங்குவார்கள். அதே வேளையில் கணக்கும் தீர்க்கப்படும். கொலு வைத்துக் கொண்டாடும் நவராத்திரி, ஹம்பியில் வரிவசூல் காலமாகவும் இருந்தது.

இதைவிடக் கூர்மையான கருவி குதிரை. நல்ல போர்க்குதிரைகள் அன்று தென்னிந்தியாவில் பிறப்பதில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். 1510-இல் போர்த்துகீசியர்கள் கோவாவைப் பிடித்ததும் அந்த வணிகம் அவர்கள் கைக்குப் போனது. கிருஷ்ணதேவராயர் அவர்களோடு நட்புப் பாராட்டினார். ஆண்டுக்கு 13,000 குதிரைகளை அரசரே வாங்கி, சிறந்தவற்றைத் தம் லாயத்தில் கட்டிக்கொண்டு, மற்றவற்றை நாயக்கர்களுக்கு விற்று லாபமும் பார்த்தார் என்கிறார் நூனிஸ். எண்ணிக்கை சற்று மிகையாகவே இருக்கட்டும். ஏற்பாட்டின் நுட்பம் வியக்க வைக்கிறது. குதிரை இல்லாமல் நாயக்கருக்குப் படை இல்லை; அரசன் தயவில்லாமல் குதிரை இல்லை.

ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் பாடிய 'ஆமுக்தமால்யதா'வில் கிருஷ்ணதேவராயர் அரசியலும் பேசுகிறார். துறைமுகங்களைப் பேணி, குதிரையும் யானையும் முத்தும் எதிரி நாட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அரசன் கடமை என்பது அதில் உள்ள அறிவுரை. கோட்டைகளைப் பிராமணத் தளபதிகளிடம் ஒப்படைக்கவும் சொல்கிறார். சொந்தப் படையோ சாதிசனமோ பின்னால் இல்லாதவர் அரசனுக்கு எதிராகக் கிளம்புவது கடினம் என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கோயிலையும் அவர் விடவில்லை. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரமும் சிதம்பரத்தின் வடக்குக் கோபுரமும் அவர் எழுப்பியவை. திருமலைக்கு ஏழு முறை போய்ப் பொன்னும் மணியும் கொடுத்தார். தி.நகர் வெங்கடநாராயணா சாலையில் உள்ள தேவஸ்தானக் கோயிலில் வேண்டிக்கொண்டு மலையேறும் சென்னைவாசிகள், திருமலைக் கோயிலில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய உலோகச் சிலையைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். பக்தி உண்மையானது. ஊருக்கு ஊர் வானளாவ நின்ற கோபுரம் அரசனின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

இத்தனை இருந்தும் ஒரு பெரிய குறை இருந்தது. எல்லாக் கயிறுகளும் ஒரே மனிதர் கையில் இருந்தன. 1529-இல் கிருஷ்ணதேவராயர் மறைந்ததும், சோழமண்டலத்தை வைத்திருந்த செல்லப்பா என்கிற சாளுவ நரசிம்ம நாயக்கர் கலகம் செய்து திருவிதாங்கூர் மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார். அடுத்த அரசர் அச்சுததேவராயர் தெற்கே படை நடத்தித்தான் அவரை அடக்க முடிந்தது. லண்டனிலோ எட்டாம் ஹென்றி 1534-இல் தம்மைத் திருச்சபையின் தலைவராக ஆக்கிக்கொண்டபோது, நாடாளுமன்றச் சட்டமாகவே அதைச் செய்தார். அரசர்கள் மாறினாலும் அலுவலகங்களும் ஆவணங்களும் அங்கே தொடர்ந்தன. ஹம்பியில் ஒவ்வொரு புதிய அரசரும் நாயக்கர்களின் விசுவாசத்தை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருந்தது.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் ராமராயர் கொல்லப்பட்டார்; ஹம்பி சூறையாடப்பட்டது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் மெல்லத் தனியரசர்கள் ஆனார்கள். 1639-இல் வந்தவாசிப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், சாந்தோமுக்கு வடக்கே இருந்த மணல் பரப்பில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயக் கம்பெனிக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார். நாயக்கர் கொடுத்ததை 1645-இல் உறுதிசெய்து தந்தவர் விஜயநகரத்தின் கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர்.