ஒரு நோட்டுப் புத்தகமும் ஏழு கால யந்திரங்களும்

ஜனவரி பிறந்தால் நான் ஒரு கணக்குப் பார்ப்பது வழக்கம். வரவு செலவுக் கணக்கல்ல, படிப்புக் கணக்கு. புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, எங்கே கிடைத்தது, படித்தபின் யாருக்குக் கொடுத்தேன் என நான்கு பத்திகள் போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மொத்தம் 31 புத்தகங்கள். தமிழ் 16, ஆங்கிலம் 9, வங்காளம் 6. ஆறு புத்தகங்கள் சால்ட் லேக்கில் நடந்த புத்தகக் கண்காட்சியில் வாங்கியவை. நான்கு காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. மற்றவை சங்க நூலகத்திலும் நண்பர்கள் வீட்டிலும் வாங்கிய இரவல்.

இந்த 31-இல் ஏழு புத்தகங்கள் ஒரே ரகம். காலத்தில் முன்னும் பின்னும் போய் வருகிற கதைகள். ஜூலை மாதத்து மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாட்களில் ஆரம்பித்த பழக்கம், பூஜை விடுமுறை வரை விடவில்லை.

முதலில் எடுத்தது எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'தி டைம் மெஷின்'. கதாநாயகன் 802701-ஆம் ஆண்டுக்குப் போகிறான். மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் விளையாடும் மென்மையான ஜனங்கள். பூமிக்கு அடியில் யந்திரங்களோடு உழன்று இருட்டுக்குப் பழகிப்போன ஜனங்கள். முதலாளி, தொழிலாளி என்ற பிரிவு அப்படியே நீடித்தால் எங்கே போய் முடியும் என்பதுதான் வெல்ஸின் கேள்வி. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த யந்திரம் இடத்தை விட்டு நகர்வதில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் தன் வீடு இருந்த அதே மண்ணில்தான் அவன் எட்டு லட்சம் ஆண்டுகளைக் கடக்கிறான். நம் கதை அப்படியே தலைகீழ். நாம் ஹௌரா மெயிலில் ஏறி இடத்தை மாற்றிக் கொண்டோம். காலம் மாறியது திரும்பிப் போய்ப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

வங்காளிகளுக்கு இந்த ருசி பழையது. வெல்ஸின் நாவல் வந்த மறு ஆண்டே, 1896-இல், விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினார். கடலில் எழுந்த புயலை ஒரு புட்டி தலைத் தைலம் அடக்கிவிடுகிறது! தைலக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டியில் அந்தக் கதை பரிசும் பெற்றது. பிறகு 1961-இல் சத்யஜித் ராய் 'சந்தேஷ்' பத்திரிகையில் புரொபசர் ஷோங்குவை அறிமுகம் செய்தார். ஷோங்கு கதைகள் எல்லாமே நாட்குறிப்பு வடிவில் இருப்பதால், நோட்டு எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவற்றில் ஒன்று 'புரொபசர் ரோண்டியின் டைம் மெஷின்'. வங்காளம் தட்டுத் தடுமாறிப் படிப்பவர்களும் தைரியமாக எடுக்கலாம். எளிய நடை.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். கற்பனையான ஒரு படகில் நம்மை ஏற்றி 982 ஆண்டுகள் பின்னால் கூட்டிப் போகிறார் கல்கி. அவருடைய 'சோலைமலை இளவரசி' இன்னும் ஒரு படி மேல். 1942 போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி, இடிந்த கோட்டையில் ஒளிந்திருக்கும் குமாரலிங்கத்துக்கு, அதே கோட்டையில் நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வாழ்வு கண்முன் விரிகிறது. யந்திரம் இல்லை, பூர்வஜன்ம வாசனை போதும் அவருக்கு.

அதற்கும் முந்தியது பாகவதத்தில் வரும் ககுத்மி ராஜாவின் கதை. மகள் ரேவதிக்கு வரன் கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் போகிறார். அங்கே சங்கீதம் நடக்கிறது. முடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். பிரம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார்: நீ மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகள் யாரும் இப்போது இல்லை, கீழே 27 சதுர்யுகங்கள் போய்விட்டன என்று. பிறகு ரேவதியை பலராமருக்குக் கொடுத்ததாகக் கதை.

சென்ற ஆண்டு மார்ச்சில் ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போனபோது ககுத்மியைத்தான் நினைத்துக்கொண்டேன். நான் போய் 22 வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டுத் திண்ணை இருந்த இடத்தில் செல்போன் கடை. உள்ளேயிருந்து ஒரு பையன் மரியாதையாக, "யாரைப் பார்க்கணும் சார்?" என்றான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் பார்க்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. பேசிக்கொண்டிருந்தபோது அவனே, "நீங்க பழைய படத்துல பேசற மாதிரி பேசறீங்க சார்" என்றான். 1961-இல் லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த என் தாயார் கொண்டுவந்த தமிழ் அது. நம் வீடுகளில் அது மாறாமல் இருந்துவிட்டது. ஊர் மாறிவிட்டது.

பழைய காலம் என்றால் எல்லாருக்கும் இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆக்டேவியா பட்லர் 1979-இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேறு புத்தகம் ஓடவில்லை. 1976-இல் கலிஃபோர்னியாவில் இருக்கும் கறுப்பினப் பெண் டேனா, தன் விருப்பமில்லாமலே பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாண்டுக்கு, அடிமைகளை வைத்திருக்கும் ஒரு பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே இருக்கும் வெள்ளைக்காரப் பையன் அவள் மூதாதை. அவனைக் காப்பாற்றினால்தான் அவள் வம்சம் உண்டாகும். கடைசியில் அவள் முழு உடம்போடு திரும்புவதில்லை.

இந்தக் கதையை என் மகளிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு யந்திரம் கிடைத்தால் ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூருக்குப் போவேன் என்றேன். அவள் சொன்னாள்: "நீங்க போனா கோயில் கட்டறதைப் பார்த்துட்டு வருவீங்க அப்பா. நான் போனா என்னைப் படிக்க விடுவாங்களா? நம்ம வீட்டுல வேலை செய்யற அம்மா போனா எந்தத் தெருவுல நிக்கச் சொல்வாங்க?" பொங்கல் விழா மேடையில் பொற்காலம் என்று முழங்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பெரிய கோயிலின் பெருமை அதனால் குறைந்துவிடாது. ஆனால் குழந்தைகளிடம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுவோம்.

ஸ்டீபன் கிங்கின் '11/22/63' (2011) எண்ணூறு பக்கத்துக்கு மேல். கென்னடி கொலையைத் தடுக்க ஒரு பள்ளி ஆசிரியர் 1958-க்குப் போய் ஐந்து வருடம் காத்திருக்கிறார். நேர்மாறாக, ஜப்பானியர் தோஷிகாஸு கவாகுச்சியின் சிறிய நாவலில் காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. (நம் வீட்டு டவராவில் ஆற்றிக் குடித்தால் பயணம் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்!) ஒன்றும் மாறாது என்று தெரிந்தே ஜனங்கள் போகிறார்கள். சொல்ல விட்டுப்போன ஒரு வார்த்தையைச் சொல்ல, ஒரு கடிதத்தை வாங்கிக்கொள்ள. ஏழில் இதுதான் அதிகம் கைமாறியது. நோட்டில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.

கடைசியாகப் படித்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் வந்தபோது அதில் வரும் 2021 எட்டாத தூரம். இப்போது அது கடந்துபோன வருடம். சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி, குழந்தை பெற அரசு அனுமதி, பேசும் இயந்திர நாய் ஜீனோ என்று அவர் எழுதியதைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். "2021-ல நான் செகண்ட் கிளாஸ், தாத்தா. வீட்டை விட்டே வெளியில போகலை, மொபைல்லதான் ஸ்கூல். ஜீனோ எங்கே இருந்துச்சு?" என்று கேட்டான்.

அவனுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே நிலைதான் என்று அறிவேன். நான் தினம் ஒரு அத்தியாயம் வாசித்தேன். ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்தது நீயே படி, எழுத்து நான் சொல்லித் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் பென்சிலோடு வந்து உட்கார்ந்தான். இதை எழுதும்போது 'ஞ' வரை வந்திருக்கிறோம்.