விலைவாசியில் சிக்கிய இசைவிழாக்கள்

பிரிட்டனின் இசைவிழாக்களைப் பற்றி 2024ஆம் ஆண்டில் வெளிவந்த செய்திகளுள் இரண்டு ஒன்றுக்கொன்று முரணானவைபோல் தோன்றும். அவ்வாண்டு நவம்பரில், அடுத்த ஆண்டின் கிளாஸ்டன்பரி விழாவுக்கான நுழைவுச்சீட்டுகள் பொது விற்பனைக்கு வந்தபோது, ஒரு சீட்டின் விலை பதிவுக் கட்டணம் நீங்கலாக 373.50 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 40,000 ரூபாயாக இருந்தும், அவை 35 நிமிடங்களில் தீர்ந்துபோயின. அதே ஆண்டில் அந்நாட்டில் 70க்கும் மேற்பட்ட இசைவிழாக்கள் கைவிடப்பட்டன, தள்ளிவைக்கப்பட்டன அல்லது ஒரேயடியாக மூடப்பட்டன என்று சார்பற்ற விழாக்களின் சங்கம் கணக்கிட்டது. முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 36ஆக இருந்தது. முதல் செய்தியை மட்டும் படிப்பவர் மக்கள் கையில் பணம் புரள்கிறது என்று நினைப்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் இசை கேட்க ஆளில்லை என்று நினைப்பார். இருவர் நினைப்பதும் பிழை. வாழ்க்கைச் செலவு ஏறும்போது பெரிய விழாக்கள் தப்பித்துக்கொள்ள, சிறியவையும் நடுத்தரமானவையும் முதலில் விழுகின்றன; அதற்குச் சீட்டு என்ன விலைக்கு விற்கிறது என்பதைவிட, எப்போது விற்கிறது என்பதே பெரிய காரணம்.

இந்த விழாக்களின் இயல்பை அறிந்தால்தான் அவற்றின் கணக்கு விளங்கும். சென்னையின் மார்கழிக் கச்சேரிக்குச் செல்பவர் சபாவில் இரண்டு மூன்று மணிநேரம் கேட்டுவிட்டு, கேண்டீனில் சிற்றுண்டி முடித்து, இரவு வீடு திரும்பிவிடுவார். மேடையும் நாற்காலியும் மின்சாரமும் கழிப்பறையும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. பிரிட்டனின் கோடைக்கால இசைவிழாவோ பெரும்பாலும் ஒரு பண்ணையின் மேய்ச்சல் வெளியில் நடப்பது. கேட்க வருபவர்கள் மூன்று நான்கு நாட்கள் அங்கேயே கூடாரமடித்துத் தங்குவார்கள் என்பதால், மேடைகள், ஒலிபெருக்கிகள், சுற்றுவேலி, சேற்றில் லாரி புதையாமலிருக்கத் தரையில் பதிக்கும் உலோகத் தகடுகள், குடிநீர்த் தொட்டிகள், நூற்றுக்கணக்கான தற்காலிகக் கழிப்பறைகள், ஜெனரேட்டர்கள், மருத்துவக் குழு, காவல் ஆட்கள் என்று ஒரு சிற்றூருக்கு வேண்டிய அனைத்தையும் ஒவ்வொரு கோடையிலும் வாடகைக்குப் பிடித்து நிறுவி, சில நாட்களில் பிரித்தெடுத்துச் செல்ல வேண்டும். 1970 செப்டம்பரில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணை விவசாயி தம் வொர்த்தி பண்ணையில் கிளாஸ்டன்பரி விழாவைத் தொடங்கியபோது வந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். ஒரு பவுண்டு கட்டணத்துக்குப் பண்ணையின் பாலும் இலவசமாகக் கிடைத்தது. இன்று அதே பண்ணையில், பணியாளர்களையும் கலைஞர்களையும் சேர்த்து, இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள்.

வாடகைக்குப் பிடிக்கும் பொருள் ஒவ்வொன்றின் விலையும் கொரோனா காலத்துக்குப் பின் ஏறியது. இரண்டு கோடைகள் தொழில் முடங்கியதால், மேடை கட்டுபவர்களும் ஒலி, ஒளிக் கலைஞர்களும் லாரி ஓட்டுநர்களும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டனர். எஞ்சியவர்களின் கூலி இயல்பாகவே உயர்ந்தது. 2022இல் உக்ரைன் போரை அடுத்து எரிபொருள் விலை எகிறிய அதே வேளையில், அரசின் இரண்டு முடிவுகளும் அமைப்பாளர்கள் தலையில் விழுந்தன. முதலாவது, சிவப்பு டீசலைப் பற்றியது. வேளாண்மை போன்ற தொழில்களுக்காக மிகக் குறைந்த வரியில் விற்கப்படும் டீசலைச் சாலை வண்டிகளில் ஊற்றினால் கண்டுபிடிக்கும்பொருட்டு அதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ஜெனரேட்டர்களுக்கு இதையே வாங்கிவந்த விழாக்கள் 2022 ஏப்ரல் முதல் அந்தச் சலுகையை இழந்தன. லிட்டருக்குச் சுமார் 11 பென்ஸாக இருந்த எரிபொருள் வரி அவர்களுக்கு 50 பென்ஸைத் தாண்டியது. சர்க்கஸ்களுக்கும் ராட்டினங்களோடு ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைக் காட்சிகளுக்கும் சலுகையை விட்டுவைத்த அரசு, அதேபோன்ற வயலில் அதேபோன்ற ஜெனரேட்டரை ஓட்டும் இசைவிழாவுக்கு மட்டும் ஏன் மறுத்தது என்பதற்கு ஏற்கத்தக்க விடை கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது, மதிப்புக் கூட்டு வரி, அதாவது ஒரு பொருளையோ சேவையையோ வாங்குபவரிடம் விலையோடு சேர்த்துப் பெறப்படும் வரி. கொரோனா காலத்தில் நுழைவுச்சீட்டுகளுக்கு 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, பின்னர் 12.5 சதவீதமாக்கப்பட்டிருந்த அவ்வரி, அதே 2022 ஏப்ரலில் பழைய 20 சதவீதத்துக்குத் திரும்பியது.

இனி மறுபக்கம், சீட்டு வாங்குபவரின் பக்கம். பிரிட்டனில் நுகர்வோர் பணவீக்கம் 2022 அக்டோபரில் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 41 ஆண்டுகளில் அத்தகைய ஏற்றத்தை அந்நாடு கண்டதில்லை. உணவுப் பொருட்களின் விலை 2023 மார்ச்சில் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 19 சதவீதம் கூடியிருந்தது. ஒரு சராசரிக் குடும்பம் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 2021-22 குளிர்காலத்தில் 1,277 பவுண்டாக இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அரசு மானியம் தந்த பிறகும் அது 2,500 பவுண்டு. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் இருந்த 0.1 சதவீதத்திலிருந்து 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்துக்குச் சென்றதால் வீட்டுக்கடன் தவணையும், அதைத் தொடர்ந்து வீட்டு வாடகையும் உயர்ந்தன. வாடகை, உணவு, மின்கட்டணம் ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியாது, விழாவைத் தள்ளிப்போடலாம். இசைவிழாக்களின் மரபான வாடிக்கையாளர்கள் இருபதுகளில் உள்ள, வாடகை வீட்டில் வாழும் இளைஞர்கள் என்பதால், சம்பளத்தில் பெரும்பங்கைத் தள்ளிப்போட முடியாத செலவுகளுக்கே கொடுக்கும் வயதினர் அவர்கள். சீட்டு மட்டுமே செலவும் அன்று: ரயில் கட்டணம், கூடாரம், மழைக்கால்சட்டை, விழாத் திடலில் வெளிக்கடையைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் உணவும் பீரும் என்று சேரும்போது, மூன்று நாள் விழா வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றின் செலவை எட்டிவிடுகிறது.

இந்த நெருக்கடியில் பலர் விழாவுக்குப் போவதையே நிறுத்தவில்லை. போவதா வேண்டாமா என்ற முடிவைக் கடைசி வாரம்வரை தள்ளிவைத்தார்கள். தனிமனிதருக்கு இது மிகவும் விவேகமான செயல்: வேலை நிலைக்குமா, அடுத்த மின்கட்டணம் எவ்வளவு, மழை பெய்யுமா என்று பார்த்துவிட்டு வாங்கினால் பணம் வீணாகாது. அமைப்பாளருக்கோ இந்த விவேகமே நஞ்சு. ஆகஸ்டில் விழா நடத்துபவர் முந்தைய குளிர்காலத்திலேயே கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்து, மேடைக்கும் வேலிக்கும் கழிப்பறைக்கும் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். பெரும்பாலான சிறு விழாக்களுக்கு வங்கி இருப்பென்று ஏதுமில்லாததால், முன்கூட்டியே விற்கும் சீட்டுகளின் வருமானமே அவர்களுக்கு நடைமுறை மூலதனம். ஒரு வகையில், கேட்க வருபவர்கள் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன் அது. கொரோனாவில் கையைச் சுட்டுக்கொண்ட வாடகை நிறுவனங்கள் முன்பைவிட அதிகத் தொகையை, முன்பைவிட விரைவாகக் கேட்கத் தொடங்கிய வேளையில், அந்தக் கடன் வருவது நின்றது. ஜூலைக் கடைசியில் சீட்டுகள் விற்றுவிடும் என்று நம்ப இடமிருந்தாலும், ஜூன் மாதத் தவணையைக் கட்ட வழியில்லாதவர் மே மாதத்திலேயே விழாவைக் கைவிட வேண்டியதாகிறது. ஒரு விழா கைவிடப்பட்ட செய்தி பரவியதும், மற்ற விழாக்களுக்குச் சீட்டு வாங்க எண்ணியிருந்தவர்களும் ‘இதுவும் நடக்குமோ நடக்காதோ’ என்று தயங்கி இன்னும் தள்ளிப்போடுகிறார்கள்; அந்தத் தயக்கம் அடுத்த விழாவை வீழ்த்துகிறது.

கிளாஸ்டன்பரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. கலைஞர்களின் பட்டியல் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் சீட்டுகள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. ஆளுக்கு 75 பவுண்டு முன்பணம் கட்டினால் மீதியை ஏப்ரலில் செலுத்தலாம். 2019இல் 248 பவுண்டாக இருந்த சீட்டு 2025இல் 373.50 பவுண்டானது 50 சதவீத உயர்வு. அதே காலத்தில் பிரிட்டனின் பொது விலைவாசி ஏறியதோ 30 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியும் வாங்க ஆளிருக்கிறது. லைவ் நேஷன் போன்ற பெருநிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ரெடிங், லீட்ஸ், டவுன்லோட், லாட்டிட்யூட் முதலிய விழாக்களைத் தன் குழுமத்தின் வழியாக நடத்தும் அந்த அமெரிக்க நிறுவனம் 2023இல் ஈட்டிய வருவாய் 2,200 கோடி டாலருக்கும் மேல். ஒரு விழாவின் நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் ஈடுகட்ட அதனால் முடியும். விளையாட்டு அரங்குகளில் நடக்கும் தனிக் கச்சேரிகளும் விழாவுக்குச் செல்பவர்களின் அதே பையிலிருந்துதான் பணம் எடுக்கின்றன. 2024 கோடையில் டெய்லர் ஸ்விஃப்ட் வெம்பிளி அரங்கில் எட்டு இரவுகள் பாடினார். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஒயாசிஸ் இசைக்குழுவின் மறுவருகைக் கச்சேரிகளுக்கான சீட்டு விற்பனை நடந்தபோது, தேவை கூடக்கூட விலையையும் கூட்டும் முறையால் ஏறத்தாழ 150 பவுண்டாக அறிவிக்கப்பட்டிருந்த சில சீட்டுகள், வரிசையில் காத்திருந்தவர்களின் முறை வந்தபோது 355 பவுண்டைக் காட்டின. ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சிக்கே செலவழிக்க முடியும் என்ற நிலையில், அறியாத பல குழுக்களைக் கேட்கும் சிறுவிழாவை விட்டுவிட்டு, அறிந்த ஒரு பெயருக்கு மொத்தப் பணத்தையும் கொடுப்பவர்களைக் குறைசொல்ல முடியாது.

விழுந்தவற்றில் ஆழ வேரோடியவையும் உண்டு. கிராம மண்டபத்துக்கு நிதி திரட்ட 1965இல் தொடங்கி, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் நடத்திவந்த டவர்சி நாட்டுப்புற இசைவிழா, 2024 ஆகஸ்டோடு நிறைவுற்றது. ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஒரு குடும்பப் பண்ணையில் 1998 முதல் நடந்த நாஸ்ஸ்டாக் விழாவும் அதே ஆண்டில் விடைபெற்றது. இரண்டும் ஏறிய செலவைக் காரணமாகக் கூறின. மூடப்பட்ட எல்லா விழாக்களுக்கும் விலைவாசியே காரணம் என்று சொல்வது மிகையாகும். மழையில் நனைந்த நிலமும் அமைப்பாளர்களின் களைப்பும் பங்குபெற்றிருக்கின்றன. ஆனால் ஒரு மழைக்கால நட்டத்தைத் தாங்கி மறு ஆண்டு எழுந்து நிற்கும் வலுவைக் குலைத்தது விலைவாசிதான்.

ஆஸ்திரேலியாவில் இதன் மற்றொரு முகம் தெரிகிறது. பைரன் பே பகுதியின் ‘ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ்’ விழாவும், சிறு நகரங்களுக்கு இசையை எடுத்துச்சென்ற ‘க்ரூவின் த மூ’ விழாவும் 2024இல் சில வார இடைவெளியில் கைவிடப்பட்டன. அந்நாட்டு அரசின் கலை அமைப்பான ‘கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா’ அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு விழாவை நடத்தச் சராசரியாக 39 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகிறது. இலாபம் கண்டவை பாதிக்குச் சற்றே கூடுதல். சீட்டு வாங்குவோரில் 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களின் பங்கு 2018-19இல் 41 சதவீதமாக இருந்து, 2022-23இல் 27 சதவீதமாகக் குறைந்திருந்ததே அவ்வறிக்கையின் மிகக் கவலைக்குரிய செய்தி. பதினெட்டு வயதில் தோழர்களோடு கூடாரத்தில் தங்கப் பழகாதவர் முப்பது வயதில் புதிதாகப் பழகுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பணமில்லாதவர்களும் போவதற்கு வழிகள் இல்லாமலில்லை. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் வழியாகக் கிளாஸ்டன்பரியில் பணிபுரியும் தன்னார்வலர்கள், வாயில்களிலும் பாதைகளிலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு மணிநேரம் கொண்ட மூன்று முறைப்பணிகளைச் செய்து, எஞ்சிய நேரத்தில் இசை கேட்கலாம். ஆனால் சொல்லாமல் போய்விடாதிருக்கச் சீட்டின் விலைக்கு இணையான வைப்புத்தொகையை முன்னதாகக் கட்ட வேண்டியிருப்பதால், கையில் சிறிதும் இல்லாதவருக்கு இதுவும் எட்டாது. கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் 2025இல் பொதுச்சீட்டு வாங்கியவர்களில் 60 சதவீதம் பேர் தவணைமுறையைப் பயன்படுத்தியதாக இசைத்துறை இதழான பில்போர்டு எழுதியது. தவணைமுறை அமைப்பாளருக்குச் சீட்டை முன்கூட்டியே விற்றுத் தருகிறது என்பது மெய். எனினும் இசை கேட்பதற்காகக் கூடுதல் கட்டணம் செலுத்திக் கடன் வாங்கும் பழக்கத்தை வளர்ப்பதை நிவாரணம் என்று அழைப்பது பொருந்தாது.

சிறுவிழாக்களின் பிற்பகல் மேடைகளில் பாடித்தான் பெரும்பாலான குழுக்கள் பெரிய மேடைக்கு வளர்கின்றன. அந்த விழாக்களைக் காப்பாற்றச் சார்பற்ற விழாக்களின் சங்கம் அரசிடம் மானியம் கேட்காமல், சீட்டின் மீதான மதிப்புக் கூட்டு வரியை மூன்றாண்டுகளுக்கு மட்டும் 5 சதவீதமாகக் குறைக்கும்படி கேட்டது. கணக்கு எளியது: 5,000 பேருக்கு 200 பவுண்டு வீதம் சீட்டு விற்கும் ஒரு விழா, மொத்த விற்பனையான பத்து லட்சம் பவுண்டில் ஏறத்தாழ 1,67,000 பவுண்டை இன்று வரியாகக் கட்டுகிறது, 5 சதவீதமானால் அது 48,000 பவுண்டுக்குள் அடங்கும். மிஞ்சும் 1,19,000 பவுண்டு, அத்தகைய விழா ஒன்று அடுத்த கோடையைக் காணுமா காணாதா என்பதையே முடிவுசெய்யக்கூடியது. ஜெர்மனியில் இசைக் கச்சேரிகளுக்கான வரி 7 சதவீதம்தான். 2024 அக்டோபரில் பிரிட்டன் அரசு தாக்கல்செய்த வரவுசெலவுத் திட்டத்தில் அந்தக் கோரிக்கைக்கு இடம் கிடைக்கவில்லை. 20 சதவீதம் அப்படியே தொடர்ந்தது.