உஷார்! கான்கிரீட் போடும் நாளில் தண்ணீர்க் குழாய் யார் கையில்?

ரூஃப் கான்கிரீட்டுக்கு நாள் குறித்துவிட்டீர்களா? காலையில் பூஜை, மதியம் வேலையாட்களுக்கு பிரியாணி என்று ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருக்கும். மிக்சர் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் தண்ணீர்க் குழாய் அன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கும் என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அதை இன்றே பேசிவிடுங்கள். சிமெண்ட் எந்த பிராண்ட், கம்பி எந்த பிராண்ட் என்று மாதக்கணக்கில் விசாரித்து வாங்குகிறோம். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் அந்த ஏழெட்டு மணி நேரத்தில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து உறவினர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். சுவர் கோணலாக வந்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். தளத்தில் தப்பு நடந்தால் அதைச் சரிசெய்ய மறுநாள் வாய்ப்பே கிடையாது.

“சார், கலவை கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி விட்டாத்தான் ஓடும்.”

வேலை தொடங்கிய அரை மணி நேரத்தில் இந்தக் குரல் வரும். கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள்! வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம் 20 கலவையை மூட்டைக் கணக்கில் கலக்கும்போது, 50 கிலோ சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. அது உச்ச வரம்பு. அவ்வளவும் ஊற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. சிமெண்ட் வினைபுரிந்து இறுகத் தேவைப்படுவது அதைவிடக் குறைவு. மிஞ்சிய தண்ணீர் நாளடைவில் ஆவியாகிவிடும். அது இருந்த இடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். பின்னாளில் மழைநீரும் உப்பும் காற்றும் கம்பியைத் தேடிப் போவது அந்தத் துளைகள் வழியாகத்தான். 30 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 40 லிட்டர் போனால் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். தண்ணீர் கூடக் கூட வலிமை எப்படிச் சரிகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே சோதனைகள் செய்து காட்டிவிட்டார். இத்தனை காலம் கழித்தும் நம் தெருக்களில் கலவைக்குத் தண்ணீர் கண்ணளவில்தான் விழுகிறது.

மழைக்காலமென்றால் இரட்டிப்பு உஷார் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 80 கிலோ மணல் சேர்கிறது. அதில் 5 சதவீத ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதைக் கழித்துவிட்டுத்தான் மீதியை ஊற்ற வேண்டும். குழாயால் பீய்ச்சினால் இந்தக் கணக்கை யார் வைப்பது? குழாயை அப்புறப்படுத்தி, அளவு குறித்த வாளியை வைக்கச் சொல்லுங்கள். கலவை ஓடவில்லை என்றால் அதற்கு பிளாஸ்டிசைசர் இருக்கிறது. பொறியாளர் சொல்லும் அளவில் சேர்த்தால் தண்ணீர் கூட்டாமலே கலவை இளகும். ஒரு தளத்துக்கு அதற்காகும் செலவு, பிரியாணிச் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

ரெடிமிக்ஸ் வாங்குகிறோம், எங்களுக்குக் கவலையில்லை என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். லாரி வந்து நின்றதும் டெலிவரி சலானை வாங்கிப் பாருங்கள். கலவையை ஏற்றிய நேரம் அதில் இருக்கும். இறுகுவதைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்க்காத கலவையை ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 விதி. சென்னை நெரிசலில் மாட்டிக்கொண்ட லாரி தாமதமாக வரும். கலவை இறுக ஆரம்பித்திருக்கும். பம்ப் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து டிரம்முக்குள் தண்ணீர் பாய்ச்சிச் சுற்றுவார்கள். பார்க்க இளகித் தெரியும். நீங்கள் காசு கொடுத்த தரம் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது. அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, மிக மிக ஆபத்தான ஒன்றைச் சொல்கிறேன். பால்கனி, சன்ஷேடு, போர்டிகோவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, இவற்றுக்கெல்லாம் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிமானம். பாரம் ஏறும்போது மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலேதான் இருந்தாக வேண்டும். கம்பி கட்டுபவர் சரியாகத்தான் கட்டிவிட்டுப் போயிருப்பார். மறுநாள் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இருபது பேர் அந்தக் கம்பியின் மேலேயே நடப்பார்கள். ஐந்து அங்குல கனத்தில் மேலே நிற்க வேண்டிய கம்பி மிதிபட்டு மிதிபட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். அதன் மேல் கான்கிரீட் விழுந்து மட்டமும் தட்டியாயிற்று என்றால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. சென்ட்ரிங் பிரிக்கும் அன்று பிரிப்பவர் தலையில் விழலாம். தப்பித்தால், என்றைக்கோ ஒரு நாள் அங்கே நாலு பேர் சேர்ந்து நிற்கும்போது விழலாம். கம்பியை மேலே தாங்கி நிற்கும் சேர் கம்பிகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். ஆட்கள் நடக்கக் கம்பியைத் தொடாமல் பலகைப் பாதை போடச் சொல்லுங்கள். நீட்டல் பகுதியில் கான்கிரீட் விழும் நேரத்தில் மட்டுமாவது நீங்களோ பொறியாளரோ அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் கூடாது.

கம்பிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளிக்கு ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒருவர் மிதித்தால் அது நழுவிவிடும். கவர் பிளாக் சில ரூபாய்தான். உள் அறைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்ற கணக்கில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். கடலோரத்தில் வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தும் ஐ.எஸ். 456, அங்கே வெளிக்காற்று படும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும், சென்னையின் கடற்கரைப் பகுதிகளிலும் எத்தனை வீட்டு பிளானில் இது எழுதியிருக்கிறது? உங்கள் பிளானை எடுத்துப் பாருங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் பரிசோதிக்காமல் கலவையில் ஊற்றாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

பில்லர் போடும்போது பத்தடி உயரத்திலிருந்து கலவையைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜல்லி முதலில் போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும், சிமெண்ட் பால் தனியாகப் பிரியும். 1.5 மீட்டருக்கு மேல் விழ விடக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். பலகையைப் பிரித்தால் பில்லரின் காலடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். கட்டடத்தின் மொத்தப் பாரமும் இறங்கும் இடம் அது! நீங்கள் பார்ப்பதற்குள் சிமெண்ட் கலவையை அப்பி மறைத்துவிடுவார்கள். எனவே பலகை பிரிக்கும்போது கூடவே இருங்கள். ஓட்டை தெரிந்தால் போட்டோ எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள். அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் பூசக் கூடாது.

சுத்தியலால் தகட்டைத் தட்டுவதும் கம்பியால் குத்துவதும் வைப்ரேட்டருக்கு ஈடாகாது. கான்கிரீட்டுக்குள் 5 சதவீதம் காற்று சிக்கிக்கொண்டாலே வலிமை 30 சதவீதம் அளவுக்குக் குறையக்கூடும். வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்க வேண்டும். குமிழி அடங்கி மேல்பக்கம் மினுமினுக்கும்வரை சில நொடிகள் வைத்திருந்து மெல்ல உருவ வேண்டும். அதை வைத்துக் கலவையை இழுத்துப் பரப்புவதும், கம்பியின் மேல் சாய்த்துப் பிடிப்பதும் தவறு. வாடகை வைப்ரேட்டர் பாதி வேலையில் நின்றுபோவது அடிக்கடி நடப்பதால் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிப் போவதும் பெரிய சிக்கல். பாதியில் நின்ற விளிம்பு வெயிலில் இறுகிவிடும். பிறகு வந்து போடும் கலவை அதோடு ஒட்டாது. பிற்பாடு மழைநீர் கசியும் கோடு அதுதான். ஆட்களை இரண்டு பந்தியாக அனுப்பிவிட்டு வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் எங்கே நிறுத்துவது என்று பொறியாளர் முன்கூட்டியே கோடு போட்டுத் தர வேண்டும்.

இனி மட்டம் தட்டும் வேலை. மேலே தண்ணீர் கசிந்து மிதக்கும்போதே கரண்டி போடக் கூடாது. அந்த ஈரத்தை உறிஞ்ச சிமெண்ட் தூளைத் தூவவும் கூடாது. இரண்டும் நம் ஊரில் தினமும் நடக்கின்றன. மேல்பரப்பில் பலவீனமான தோல் ஒன்று உருவாகி, பின்னால் தூளாக உதிரும், செதில் செதிலாகப் பெயரும். மட்டப்பலகை இழுத்து முடித்ததும் காத்திருங்கள். மிதக்கும் தண்ணீர் மறைந்து, காலை வைத்தால் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத நிலை வந்த பிறகு மணியாஸ் கட்டை. வழவழப்பு வேண்டுமானால் அதற்கும் பிறகு இரும்புக் கரண்டி. கார் நிறுத்தும் தரைக்கு வழவழப்பே வேண்டாம், மழையில் வழுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்றும் சேர்ந்து அடித்தால் சில மணி நேரத்திலேயே மேலே வெடிப்புக் கோடுகள் ஓடும். விடியற்காலையில் ஆரம்பித்துவிடுங்கள். முடித்த பகுதியை உடனுக்குடன் பாலிதீன் விரித்து மூடுங்கள்.

வேலையாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரக் கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. நாள் முழுக்கத் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள். சித்தாள் அக்காக்கள் வெறுங்காலோடு அதில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

கலக்கும்போது தாராளமாக ஊற்றிய தண்ணீரை, ஊற்ற வேண்டிய நேரத்தில் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பீய்ச்சுவது க்யூரிங் ஆகாது, நடுவே காய்ந்துபோகிறதே! பில்லரில் சாக்கைச் சுற்றி எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அது மெதுவாகத்தான் வலிமை பெறும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயவே கூடாது.

முட்டுகளைச் சீக்கிரம் உருவுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வாடகை ஏறுகிறது, அடுத்த சைட்டுக்கு ஜாக்கி வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் அவசரப்படுத்துவார். சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் என்கிறது விதி. பி.பி.சி.க்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973 மார்ச் 2 அன்று, கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததால் இடிந்து 14 பேர் இறந்தார்கள். 1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில், முந்தைய நாள் போட்ட கான்கிரீட் வலிமை பெறுவதற்குள் அதன் மேல் பாரம் ஏற்றப்பட்டது. சாரத்தில் நின்ற 51 தொழிலாளர்களும் விழுந்து இறந்தார்கள்.

தளம் போடும் அன்றே கியூப் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1,000 சதுர அடிக்கு 5 அங்குல தளம் என்றால் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட். அதற்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 28-வது நாள் ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

குறித்த நாள் காலையில் வைப்ரேட்டர் வரவில்லையா, கவர் பிளாக் இல்லையா, பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லையா? எவ்வளவு நல்ல முகூர்த்தமாக இருந்தாலும் அன்றைக்குக் கான்கிரீட் போடாதீர்கள். இன்னொரு நாள் பாருங்கள்.