ஆறு எட்டாத ஒரு பிரதி

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு நடுவே முப்பது வருஷமாகப் புகைப்படத் தொழில் நடத்திவரும் எனக்கு, தகப்பனார் விட்டுச்சென்ற ஆஸ்திகளில் இன்றும் தினந்தோறும் கையில் எடுப்பதற்கு உரியது, எம்-42 என்னும் திருகு மரையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே. அதற்குரிய பிலிம் காமிரா ஓய்ந்து வெகு காலமாயிற்று. மழைக்காலந்தோறும் பூசணம் பிடிக்காமல் காத்துவந்தபடியால் லென்ஸுக்கு மட்டும் யாதொரு குறையும் இல்லை. ஆகவே அதைச் சோனி மிரர்லெஸ் காமிராவில் ஏற்றியிருக்கிறேன்.

லென்ஸ் பதியும் வளையத்திலிருந்து பிம்பம் விழும் தளம் வரையுள்ள தூரம் ஒவ்வொரு காமிரா வகைக்கும் நிச்சயிக்கப்பட்டது. நடுவே ஓர் ஆடி அசைந்தெழ வேண்டியிருந்த பழைய எம்-42 காமிராக்களில் அது 45.46 மில்லிமீட்டர், ஆடியே இல்லாத சோனியின் இ-மவுண்டில் 18. எஞ்சிய 27.46 மில்லிமீட்டரை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். புதிய லென்ஸைப் பழைய காமிராவில் இவ்விதம் ஏற்ற இயலாது; குறைவான தூரத்தை நீட்டலாமேயன்றி, அதிகமானதைக் குறைக்க வழியில்லை.

வெற்றுக் குழாய்தானே என்று அலட்சியமாக வாங்கிய முதல் அடாப்டரோடு கொள்ளிடத்தின் வடகரையில் நின்று ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரத்தை நோக்கினேன். வளையத்தை எவ்வளவு திருப்பியும் கோபுரம் தெளியவில்லை. குழாய் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலே, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 25 மீட்டருக்கு அப்பால் கூர்மையாகக் குவியாது என்பது பிறகுதான் கணக்கிட்டபோது விளங்கிற்று. ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் எங்களூர் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர், நூலளவுக்கும் குறைவான அந்த மிகுதியைக் கடைந்து நீக்கித் தந்தார். அவருடைய கைத்திறனை நான் எந்தக் காமிராக் கம்பெனியின் சாதனைக்கும் குறைவாக மதிப்பதில்லை.

உபகரணத்தை ஊருக்கு இசைவிப்பது இத்தொழிலில் புதிதன்று. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் பயன்படுத்தியாக வேண்டிய முறையை நம் நாட்டு வெயிலில் நம்பாமல், முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளத்தக்க மெழுகுக் காகித நெகடிவைக் கைக்கொண்டார். ஒரு நெகடிவிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஆகையினால்தான் அவர் கண்ட மலைக்கோட்டையை நாம் இன்றும் காண்கிறோம்.

நம்முடைய டிஜிட்டல் கோப்போ மூலத்துக்கும் பிரதிக்கும் வேற்றுமையே இல்லாதபடி பெருகவல்லது. ஆனால் காகிதம்போல் மங்கி எச்சரிக்காமல், ஓசையின்றிக் கெடுவது. திருவானைக்காவலையும் வடகரையையும் இணைத்த, 1928-இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தைப் பல பருவங்களில் நான் எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்திருந்தேன். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்த செய்தி கேட்டு அவற்றைத் திறந்தபோது, மேற்பாதியில் வானமும் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறப் பட்டையுமாகப் பெரும்பாலான படங்கள் சிதைந்திருந்தன. முதல் டிஸ்கில் நேர்ந்த கேட்டை, வாரந்தோறும் தானாக நகலெடுத்த மென்பொருள் இரண்டாவதிலும் விசுவாசமாகப் பதித்திருந்தது! பாலத்தை மறுபடி எடுக்க இனி வழியில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய விதியை அதன்பின் மேற்கொண்டேன். வேறிடம் எது என்பதில்தான் வெகுவாக யோசித்தேன். ஸ்ரீரங்கத்து நண்பரின் ஸ்டூடியோ அருகில் இருப்பினும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு அது. என் வீட்டை எட்டும் வெள்ளம் அங்கும் எட்டக்கூடும். ஆகவே துறையூரிலுள்ள அக்காள் வீட்டுப் பீரோவில் ஒரு டிஸ்க் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற அடையாள எண்ணைக் கணித்து எழுதிவைத்திருக்கிறேன். கோப்பில் ஒரு துணுக்கு மாறினாலும் அந்த எண் முற்றும் வேறாகிவிடும்.

சென்ற தை மாதம் துறையூரில் அமர்ந்து எண்களை ஒப்பிட்டபோது, தகப்பனாரின் நெகடிவ் ஒன்றை ஸ்கேன் செய்த கோப்பு பொருந்தவில்லை. அன்றிரவே ஊர் திரும்பி, வீட்டுப் பிரதியின் எண் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.