பண்ருட்டிப் பலா: தானேக்கு முன், தானேக்குப் பின்

பண்ருட்டிச் செம்மண் காட்டில் பலா நட்டவர்கள் அன்று தங்களுக்காக நட்டதில்லை. கொட்டையை ஈரம் காயுமுன் மண்ணில் போட வேண்டும். சில வாரம் கிடந்து உலர்ந்துவிட்டால் முளைப்பது சந்தேகம். ஆணிவேர் முறிந்தால் கன்று தேறாது என்பதால் மரம் நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பார்கள். முதல் காய் பார்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அப்புறம் ஐம்பது, நூறு வருஷம் அது காய்த்துக்கொண்டே இருக்கும்.

கொட்டையில் முளைத்த கன்றுக்குத் தாய்மரத்தின் குணம் அப்படியே வருவதில்லை. ஒரே வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் மொறுமொறுவென்ற வருக்கை, அடுத்தது வழவழவென்று தொண்டையில் இறங்கும் கூழன், மூன்றாவது சப்பென்று மாட்டுக்குத்தான் ஆகும். அதனால் அன்றைக்குப் பழத்தை விசாரிக்கவில்லை, மரத்தை விசாரித்தார்கள். 'கிணற்றடி மரத்துப் பழமா?' என்று கேட்டு வாங்குவார்கள். கொத்துக்கொத்தாகக் காய்ப்பதற்கு ஆயிரங்காய்ச்சி என்று பேர். மரத்தின் பேர் தெரிந்த வியாபாரி, பிஞ்சு கட்டியிருக்கும்போதே அண்ணாந்து பார்த்து மொத்தமாகக் குத்தகை பேசிவிடுவார்.

இருபது கிலோ பழத்தை ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. கையில் எண்ணெய் தடவி, பால் ஒட்டாமல் அரிந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சுளை போகும். கொட்டை குழம்புக்கு, சடை மாட்டுக்கு, தழை ஆட்டுக்கு. காய்ப்பு ஓய்ந்தாலும் மரத்துக்கு மதிப்பு குறையாது. வைரம் பாய்ந்த மஞ்சள் கட்டை நிலைக்கதவாகும், மிருதங்கமாகும், தஞ்சாவூர் போய் வீணையாகும்.

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் இருந்தது. பலா இலையுதிர்க்காத மரம்; மார்கழியிலும் உச்சி முழுக்கத் தழை. பெரிய மரத்துக்குப் பெரிய தழைப்பந்தல், காற்று பிடித்துத் தள்ள அதுவே போதும். தாத்தா வைத்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. பக்கத்தில் முந்திரியும் படுத்துவிட்டதால் ஒன்று போனாலும் மற்றொன்று சோறு போடும் என்ற கணக்கும் தப்பியது.

அதற்குப் பிறகு நடுகிறவர் கொட்டையைத் தேடுவதில்லை, ஒட்டுக்கன்று தேடுகிறார். மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும்; எந்த மரத்திலிருந்து ஒட்டினார்களோ அதே சுளை, அதே ருசி. இன்னும் அவசரப்படுகிறவர்களுக்கு 'வியட்நாம் சூப்பர் ஏர்லி' இருக்கிறது. இரண்டாம் வருஷமே காய் என்று சொல்லி நர்சரிகளில் விற்கிறார்கள். இதை யாராவது பேராசை என்று சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. வருமானம் தந்த மரமெல்லாம் ஒரே காலையில் படுத்துவிட்ட ஒருவரிடம் எட்டு வருஷம் பொறு என்று யார் சொல்வது?

தின்பவரும் மாறிவிட்டார். மூன்று பேர் குடியிருக்கும் பிளாட்டில் முழுப்பழத்தை வைத்து என்ன செய்வார்கள்? சென்னையில் சுளை பிளாஸ்டிக் டப்பாவில் எடை போட்டு வருகிறது. சிறிய பழத்துக்குத்தான் கிராக்கி. பழுக்காத காய்க்கும் இன்று தேவை உண்டு: பிரியாணி, சிப்ஸ், மாவு. கேரளம் 2018ல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தபோது நாடே பேசியது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாதான் என்பது நம்மில் பலருக்கு வினாடி வினாவில்தான் தெரியவருகிறது.

ஒட்டு ரகங்களும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த 'பாலூர் 1' ரகம், பண்ருட்டியை ஒட்டிய பணிக்கன்குப்பத்தில் நின்ற நாட்டுமரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்தது. கொட்டையில் முளைத்து, நூறு மரத்தில் ஒன்று தற்செயலாக நன்றாக அமைந்தது. அதைக் கண்டுபிடித்து ஒட்டினார்கள். எல்லாக் கொல்லையிலும் ஒரே ரகம் நின்றால் அடுத்த தேர்வுக்கு எந்த மரத்தை அண்ணாந்து பார்ப்பது?

பழம் ஓரளவு மீண்டுவிட்டது. கட்டை மீளவில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் குடத்தைப் பலாக்கட்டையில்தான் குடைகிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே கட்டையில் அமைந்தால் அது ஏகாந்த வீணை. அதற்குப் பருத்து, நீண்டு, முற்றிய அடிமரம் வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் பறிக்க வேண்டுமென்று நுனி கிள்ளிக் குட்டையாக வளர்க்கும் ஒட்டுமரத்தில் அந்த நீளம் கிடைக்காது. தானேக்கு அடுத்த ஆடியில் பிடிவாதமாகக் கொட்டை போட்டவர்களும் இருப்பார்கள். அந்த மரங்கள் இப்போது நன்றாகக் காய்க்கும். வீணைத் தச்சர் வந்து தட்டிப் பார்க்கும் பருவத்துக்கு இன்னும் இருபது வருஷமாவது ஆகும்.