பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளின்: இரண்டு மணி நேர ரயிலும் ஒரு மார்க் அட்டவணையும்

அயர்லாந்து தீவின் குறுக்கே ஓடும் எல்லைக்கோடு சுமார் 500 கி.மீ. நீளம். 1921இல் தீவைப் பிரித்தபோது வந்தது. தெற்கே தனி நாடான அயர்லாந்து குடியரசு, வடக்கே பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்து. 1998இல் புனித வெள்ளி உடன்படிக்கை வந்த பிறகு ராணுவச் சாவடிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இன்றைக்கு காரில் போனால் நாடு மாறியதே சட்டென்று தெரியாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு எல்லை இருந்தால் மாணவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகப் போய்ப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடப்பது வேறு. குடியரசின் உயர்கல்வி மாணவர்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆனால் வடக்கிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் கடல் தாண்டி லிவர்பூல், கிளாஸ்கோ, நியூகாஸில் என்று போகிறார். அவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

பணம்தான் காரணமா என்று முதலில் பார்த்தேன். 2024-25 கணக்குப்படி, வட அயர்லாந்து மாணவர் ஊரிலேயே படித்தால் வருடத்துக்கு 4,750 பவுண்டு. இங்கிலாந்து போனால் 9,250 பவுண்டு. டப்ளின் போனாலோ ‘மாணவர் பங்களிப்பு’ என்ற பெயரில் அதிகபட்சம் 3,000 யூரோதான். அதிலும் சமீப வருடங்களில் தள்ளுபடி கொடுத்தார்கள். அந்தத் தொகையையும் வட அயர்லாந்து அரசிடமே கடனாக வாங்கிக்கொள்ளலாம். பிரெக்ஸிட் வந்தும் இது மாறவில்லை. இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் உள்ளூர்க்காரர் போலவே படிக்கலாம் என்று 2019 மே மாதம் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. டப்ளின் வாடகை பயங்கரம் என்பது உண்மை. ஆனால் வாடகை மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்காது.

அடுத்து அட்மிஷன் விதிகளைப் படித்தேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

குடியரசில் பள்ளி இறுதித் தேர்வு ‘லீவிங் சர்டிபிகேட்’. சிறந்த ஆறு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். ஒரு பாடத்துக்கு 100, ஆக மொத்தம் 600. உயர்நிலைக் கணிதம் எழுதித் தேறினால் போனஸ் 25. சி.ஏ.ஓ. என்கிற மைய அமைப்பு இந்தப் புள்ளிகளை வைத்து இடம் ஒதுக்குகிறது. நம்ம ஊர் கட்-ஆஃப் மாதிரியேதான்.

வடக்கில் ஏ-லெவல். பெரும்பாலானவர்கள் மூன்றே பாடம் எடுத்து ஆழமாகப் படிப்பார்கள். இந்த மூன்றை அந்த 600க்குள் எப்படி மாற்றுவது? 2010களின் முதல் பாதியில் இருந்த அட்டவணைப்படி, உச்ச கிரேடான ஏ-ஸ்டாருக்கு 150 புள்ளி. நான்கு பாடம் எழுதினால் 600. மூன்று பாடத்திலும் ஏ-ஸ்டார் வாங்கினாலும் 450தான். டப்ளினில் டிமாண்ட் உள்ள படிப்புகள் 500க்கு மேல் கேட்கும். அதாவது தன் ஊர்த் தேர்வில் இதற்கு மேல் மார்க்கே இல்லை என்ற அளவுக்கு எழுதிய பெண், எல்லை தாண்டியதும் முக்கால் மார்க் மாணவி. நான்காவது பாடம் எழுதலாமே என்றால், பல பள்ளிகளில் அதற்கு வசதி இல்லை.

இதில் சதி எதுவும் இல்லை. தெற்கு மாணவன் ஆறு பாடத்துக்கு உழைக்கிறான், வடக்கு மாணவி மூன்றுக்கு. இரண்டும் சமமா என்ற கேள்வி நியாயமானதே. சாஃப்ட்வேர்காரன் புத்தி உடனே ‘பெர்சன்டைல் வைத்து மேப் பண்ணு’ என்று சொல்லும். அதுவும் சரிவராது. லீவிங் சர்டிபிகேட்டை ஏறக்குறைய எல்லாரும் எழுதுகிறார்கள். ஏ-லெவல் வரை வருகிறவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட கூட்டம். இரண்டு கூட்டமும் வேறாக இருக்கும்போது, முதல் பத்து சதவிகிதம் என்பதற்கு இரு பக்கமும் ஒரே அர்த்தம் கிடையாது. ஆகவே எந்த அட்டவணை போட்டாலும் அது கணக்கு மட்டும் அல்ல, யாரை எவ்வளவு வரவேற்கிறோம் என்ற கொள்கை முடிவும்கூட.

அட்டவணை தவிர இன்னும் இரண்டு சின்ன முட்கள் உண்டு. ஒன்று, நேரம். பிரிட்டனின் விண்ணப்ப முறையான யூகாஸில் தேர்வுக்கு முன்பே ‘இத்தனை கிரேடு வாங்கினால் இடம் உனக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். சி.ஏ.ஓ.வில் ரிசல்ட் வந்த பிறகே இடம் தெரியும். மே மாதமே மான்செஸ்டரில் ஹாஸ்டல் பார்த்துவிட்ட பிள்ளை, ஆகஸ்ட் கடைசி வரை டப்ளினுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? எதிர்த்திசையிலும் இதே சிக்கல்தான். 2024இல் ஏ-லெவல் ரிசல்ட் ஆகஸ்ட் 15. லீவிங் சர்டிபிகேட் ரிசல்ட் ஆகஸ்ட் 23.

இரண்டாவது, மொழி. அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் சில படிப்புகளுக்கு மூன்றாவது மொழி கேட்கும். வடக்குப் பள்ளிகளில் 14 வயதுக்கு மேல் வேற்று மொழி கட்டாயமில்லை. பிரெஞ்சை விட்டுவிடும் பிள்ளைக்கு, கூடவே ஒரு கதவும் மூடுகிறது என்று அந்த வயதில் யார் சொல்வார்கள்?

சரிசெய்ய முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி வடக்கு மாணவர்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, மூன்று ஏ-லெவலை மட்டும் வைத்து எடுத்துப் பார்த்தது. பொது அட்டவணையும் பிறகு திருத்தப்பட்டது. 2020இல் தொடங்கிய ‘ஷேர்டு ஐலண்ட்’ நிதியிலிருந்து, எல்லை அருகே டெரி நகரில் இருக்கும் மகீ வளாகத்துக்கு டப்ளின் பணம் கொடுக்கிறது. வடக்குப் பல்கலைக்கழகங்களில் தன் மாணவர்களுக்காக நர்சிங் இடங்களுக்கும் பணம் கட்டியிருக்கிறது.

என் கருத்து இது. எல்லை தாண்டிப் படிக்க ஊக்கப்படுத்துவது என்றாலே ஸ்காலர்ஷிப், கண்காட்சி, போஸ்டர் என்று போய்விடுகிறோம். 17 வயதுப் பிள்ளையும் அதன் அப்பா அம்மாவும் உண்மையில் கேட்பது மூன்று கேள்விகள்: என் மார்க்குக்கு அங்கே என்ன மதிப்பு, எப்போது தெரியும், இன்னும் என்ன கேட்பார்கள்? லிவர்பூல் மூன்றுக்கும் வசந்த காலத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் இன்று மிகக் குறைவு. அட்டவணையில் கொஞ்சம் தாராளம் காட்டினால் தெற்குப் பிள்ளைகள் இழக்கும் இடமும் குறைவுதான்.

முப்பது வருடம் சண்டையில் கழித்த தீவு அது. அங்கே ஒரு தலைமுறை வகுப்பிலும் கேன்டீனிலும் ஒன்றாக உட்கார்ந்து பழக வேண்டும் என்று இரண்டு அரசுகளும் நிஜமாகவே விரும்பினால், போஸ்டர் ஒட்டும் முன் அந்த அட்டவணையை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கட்டும்.