தமனிகளைத் தளர்த்தும் பொட்டாசியம்

சாந்தன்பாறையின் ஏலத் தோட்டங்களுக்குப் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து அதிகாலையில் ஜீப்புகளில் வந்து, சரிவுகளில் ஏறிக் காய் பறிக்கும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். மேடேறும்போது அவர்களுடைய கால் தசைகளுக்கு, ஓய்வு வேளையினும் பன்மடங்கு குருதி வேண்டியிருக்கிறது. இதயம் விரைந்து துடித்தால் மட்டும் போதாது. அத்தசைகளுக்குச் செல்லும் சிறு தமனிகளும் விரிந்து வழிவிட வேண்டும். அவை எவ்வாறு விரிகின்றன என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

தமனியின் சுவரை மென்தசை உயிரணுக்கள் வளையமாகச் சூழ்ந்துள்ளன. அவற்றினுள் கால்சியம் புகுந்தால் தசை சுருங்கும், குறைந்தால் தளரும். கால்சியம் புகும் வாயிலோ, உயிரணுச் சவ்வின் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. அவ்வழுத்தத்தை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு பொட்டாசியத்துக்கு உரியது. உயிரணுவின் உள்ளே பொட்டாசியம், வெளியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு உண்டு. ஆகவே பொட்டாசிய வாயில்கள் திறந்தால் அது வெளியே பாய்கிறது. நேர்மின்னேற்றமுடைய அயனிகள் வெளியேறவே, உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைகிறது. உடனே கால்சிய வாயில்கள் மூடிக்கொள்கின்றன, தசை தளர்கிறது. ஒரு கதவு திறப்பதால் மற்றொரு கதவு அடைபடுகிறது!

உழைக்கும் தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் அருகிலுள்ள தமனிச் சுவரை எட்டுகிறது. வெளியே அது சற்று மிகும்போது ஒருவகைப் பொட்டாசிய வாயில்கள் இன்னும் நன்றாகத் திறக்கின்றன. வேறு பொருள்களும் இதற்குத் துணைபுரிகின்றன. உழவன் தன் வயலுக்குத் தானே மடை திறந்துகொள்வது போன்றது இது. அழுத்தம் மாறாதிருப்பின், குழாயின் ஆரம் 10 விழுக்காடு கூடினாலே ஓட்டம் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும்.

சேலம் மாவட்டத்தில் பயிரிடப்படும் மருந்துக் கூர்க்கன் கிழங்கை நேயர்கள் அறிந்திருக்கலாம். 1970-களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்திலும் பம்பாயில் ஹெக்ஸ்ட் ஆராய்ச்சி நிலையத்திலும் அதிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உயிரணுவினுள் ஒரு தூதுப் பொருளைப் பெருக்கிக் குருதிக் குழாய்களைத் தளர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு. பொட்டாசிய வாயில்கள் திறப்பது அதன் வழிகளுள் ஒன்று. ஆயினும் கிழங்கைத் தாமே மருந்தாக உண்பது தகாது.

தமனிகள் இறுகியே இருந்தால் குருதி அழுத்தம் உயரும். பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றியே உயரும். எனவே அதனை அளந்து பார்ப்பதே முதற் கடமை. உப்பைக் குறைத்து, கீரை, பயறு, வாழைப்பழம், இளநீர் முதலியவற்றைச் சேர்ப்பது நன்று. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் உணவின் வழியே கிடைக்கவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் சிறுநீரக நோயுடையோருக்கு மிகுதியான பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். உணவை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. மடையைத் திறப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அளவறிந்து திறப்பதும் அவ்வளவு இன்றியமையாதது.